விண்டோஸ் 11 ஏற்றுவதற்கு முன் வட்டைக் குளோன் எடுங்கள்

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கோயில் கணக்கு, டியூஷன் கட்டணம் எல்லாம் இன்னும் விண்டோஸ் 10 லேப்டாப்பில்தான் ஓடுகின்றன. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால் பலரும் 11க்கு மாறுகிறார்கள். மாறுங்கள். ஆனால் கோப்புகளை மட்டும் பெண்டிரைவில் அள்ளிப் போட்டுவிட்டு மாறாதீர்கள். நன்கொடை ரசீது அடிக்கும் பழைய மென்பொருளும் அதன் பிரிண்டர் டிரைவரும் கோப்புகளோடு வராது. பழையதற்குத் திரும்ப விண்டோஸே வழி தருகிறது, ஆனால் 10 நாளைக்குத்தான். கோளாறோ மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போதுதான் தலைகாட்டும். அதனால் விண்டோஸ், மென்பொருள், கோப்பு என்று முழு வட்டையும் இன்னொரு வட்டில் அப்படியே நகலெடுங்கள். அதுதான் குளோன்.

பழைய வட்டின் அளவோ அதைவிடப் பெரியதோ ஒரு எஸ்எஸ்டி (புது வட்டு), அதை யூஎஸ்பியில் மாட்ட ஒரு கேபிள், காலி பெண்டிரைவ் ஒன்று. இவை போதும். குளோன் எடுக்கும் மென்பொருளான குளோன்சில்லா இலவசம், ரூஃபஸ் என்ற கருவி வழியாக அதைப் பெண்டிரைவில் ஏற்றுங்கள். வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு அதை அணைத்துவிடுங்கள். அப்புறம் ஷிஃப்டை அழுத்தியபடியே ஷட்டவுன் கொடுங்கள். அப்போதுதான் லேப்டாப் முழுசாக அணையும்.

பிற்பகல் இடிமழைக்கு முன், காலையிலேயே சார்ஜரோடு உட்காருங்கள். எஸ்எஸ்டியையும் பெண்டிரைவையும் மாட்டி, லேப்டாப்பை ஆன் செய்தவுடன் டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்திப் பெண்டிரைவிலிருந்து பூட் செய்து (தொடங்கி), 'டிவைஸ்-டிவைஸ்', 'பிகினர்', 'டிஸ்க் டு லோக்கல் டிஸ்க்' என்று தேர்ந்தெடுங்கள்.

அடுத்த திரையில் அவசரமே கூடாது. முதலில் கேட்பது மூல வட்டு, பிறகு இலக்கு வட்டு. மாற்றிக் கொடுத்தால் காலி வட்டு கணக்கின்மேல் ஏறிவிடும். வட்டுகளுக்குத் திரையில் வரும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாமல் பக்கத்திலுள்ள அளவையும் பிராண்டையும் படியுங்கள். இதற்காகவே வேறு பிராண்டு எஸ்எஸ்டி வாங்கச் சொல்வேன். 'ஒய்' அழுத்தச் சொல்லும் ஒவ்வொரு முறையும் மறுபடி படியுங்கள்.

முடிந்ததும் அணைத்து, பழைய வட்டைக் கழற்றிவிட்டுக் குளோனை உள்ளே மாட்டுங்கள். யூஎஸ்பியில் தொங்கவிட்டால் விண்டோஸ் பெரும்பாலும் பூட் ஆகாது. இரண்டையும் ஒன்றாக மாட்டவும் வேண்டாம். அடையாள எண் ஒன்றே என்பதால் குழப்பம் வரும். குளோனில் பூட் ஆகி, ஒரு ரசீது அடித்துப் பார்த்த பிறகே 11ஐ ஏற்றுங்கள், அதுவும் குளோனில். பூட் ஆகாவிட்டாலும் பரவாயில்லை, பழையது அப்படியே இருக்கிறது.

பழைய வட்டில் தேதி எழுதி ஒட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பின்னால் அதற்குத் திரும்ப நேர்ந்தால், இடையில் பதிந்த ரசீதுகளை முதலில் பெண்டிரைவில் எடுத்துக்கொண்டு வட்டை மாற்றுங்கள்.