கேம் ஆட ஹெட்போன்: பெட்டியில் உள்ள 7.1 எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்

கணினி கேம்களுக்கு ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "7.1 இருக்கிறதா?" என்பதுதான். அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள். 7.1 என்றால் சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர், கனத்த ஒலிக்குத் தனியாக ஒன்று என்ற அமைப்பு. ஆனால் 7.1 என்று அச்சிட்ட பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது காதுக்கு ஒன்றாக இரண்டே டிரைவர்கள், அதாவது ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கர்கள். ஒலி நம்மைச் சுற்றி வருவதுபோலக் கேட்கச் செய்வது மென்பொருள். அதைக் கெடுக்காமல் காதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் ஹெட்போனின் வேலை. ஆகவே நல்ல ஸ்டீரியோ ஹெட்போன் ஒன்றைத் தேடுங்கள், போதும்.

படி 1: காது திசையறியும் விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நமக்கும் இருப்பது இரண்டு காதுகள்தானே? வலப்பக்கம் ஒருவர் நடந்தால் அந்தச் சத்தம் வலது காதை முதலில் எட்டும். இடது காதுக்கு அதிகபட்சம் 0.7 மில்லி நொடி அளவு தாமதமாகப் போய்ச் சேரும். தலை குறுக்கே நிற்பதால் அங்கே ஒலி அளவும் குறையும். முன்னாலா பின்னாலா, மேலா கீழா என்பதைச் சொல்வது காது மடல். அதன் மடிப்புகள், சத்தம் வரும் திசைக்கேற்பச் சில கீச்சு ஒலிகளை மங்கச் செய்கின்றன, சிலவற்றைத் தூக்கிக் கொடுக்கின்றன. மூளை இதைச் சிறு வயதிலிருந்தே பழகி வைத்திருக்கிறது.

இந்த மாற்றங்களையெல்லாம் கணக்கிட்டு கேமின் ஒலியில் ஏற்றும் முறைக்கு ஹெச்ஆர்டிஎஃப் என்று பெயர். அந்தக் கணக்கு பொதுவான ஒரு தலைக்கும் காதுக்கும் போட்டது. உங்கள் காது மடலின் வடிவம் வேறாக இருக்கலாம். நண்பருக்குத் துல்லியமாகக் கேட்கும் மென்பொருளில் உங்களுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் குழம்புவது இதனால்தான். உங்கள் காதில் கோளாறு என்று நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

படி 2: மூடியதா, திறந்ததா?

இந்த ஒரு முடிவில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். திறந்த வகை ஹெட்போனில் வெளிப்புறம் வலை போல இருக்கும், காற்றும் ஒலியும் வெளியே போகும். ஒலி தலைக்குள் அடைபடாமல் கொஞ்சம் தள்ளி நிற்பது போலத் தோன்றும். எதிரியின் காலடி எவ்வளவு தூரத்தில் என்று ஊகிக்க இது உதவும், காதும் அவ்வளவாக வேர்க்காது. சென்ஹைசர் எச்டி 560எஸ், பேயர்டைனமிக் டிடி 990 புரோ ஆகியவை இந்த வகை.

ஆனால் மின்விசிறிச் சத்தம், பக்கத்து அறை டிவி, தெருவில் போகும் வண்டி எல்லாம் உள்ளே வந்துவிடும். உங்கள் கேம் சத்தம் அருகில் தூங்குபவருக்கும் கேட்கும். வீட்டில் ஒரே அறையைப் பலர் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்றால் ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2 போன்ற மூடிய வகையே சரி. அமைதியான தனி அறை இருந்தால் தயங்காமல் திறந்ததை வாங்குங்கள்.

படி 3: இணைப்பும் ஓமும்

புளூடூத் வேண்டாம். திரையில் துப்பாக்கி வெடித்த பிறகே சத்தம் வந்து சேரும். அதோடு ஹெட்செட்டின் மைக்கை இயக்கியதும் பல கணினிகளில் ஒலி பழைய தொலைபேசி போல மட்டமாகிவிடும், திசையும் போய்விடும். கம்பியில்லாமல்தான் வேண்டும் என்றால் யூஎஸ்பியில் செருகும் டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையைப் பாருங்கள்.

ஓம் எண்ணையும் ஒருமுறை பாருங்கள், அது ஹெட்போனின் மின்தடை அளவு. 32 ஓம் என்றால் பெரும்பாலும் எந்தக் கணினியிலும் ஓடும். டிடி 990 புரோவின் 250 ஓம் வகையை மதர்போர்டில் நேராகச் செருகினால் சத்தம் போதாமல் போகலாம், ஒலியைப் பெருக்கும் தனி ஆம்ப் தேவைப்படும். முதல் ஹெட்போனுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

அப்புறம், வாங்கும் முன் முடிந்தால் பத்து நிமிடம் மாட்டிப் பாருங்கள். கண்ணாடி போடுபவர்களுக்கு இறுக்கம் பெரிய தொல்லை.

படி 4: ஒரே ஒரு மென்பொருளை மட்டும் இயக்குங்கள்

தொடக்கத்தில் பலரும் தவறுவது இங்கேதான். கேமில் ஹெச்ஆர்டிஎஃப், விண்டோஸில் ஸ்பேஷியல் ஒலி (ஒலியைச் சுற்றிலும் கேட்கச் செய்யும் வசதி), ஹெட்செட்டின் செயலியில் 7.1 என மூன்றையும் இயக்கிவிடுவார்கள். ஏற்கெனவே திசை ஏற்றிய ஒலிமேல் இன்னொரு முறை திசை ஏற்றினால் எல்லாம் கலங்கி, குளியலறைக்குள் கேட்பது போல ஆகிவிடும். என் தம்பியின் கணினியில் இரண்டை அணைத்த அன்றே மாடிப்படிக் காலடி தெளிந்தது.

வரிசை இதுதான். முதலில் கேமின் ஒலி அமைப்பைத் திறந்து பாருங்கள். வேலரன்ட்டில் ஹெச்ஆர்டிஎஃப் தேர்வு உண்டு. ஓவர்வாட்ச்சில் அதே வேலையைச் செய்யும், ஹெட்போனுக்கான டால்பி அட்மாஸ் உண்டு. அப்படி இருந்தால் அதை மட்டும் இயக்கி, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு சத்தமும் எங்கே பிறக்கிறது என்பது கேமுக்குத்தான் சரியாகத் தெரியும்.

கேமில் அந்த வசதி இல்லாமல் 5.1 அல்லது 7.1 ஒலி மட்டும் இருந்தால் விண்டோஸின் உதவி தேவை. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் ஹெட்போனைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பேஷியல் சவுண்ட் பகுதியில் விண்டோஸ் சோனிக் இருக்கும், இலவசம். கேமிலும் 7.1 ஒலியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் டால்பி அட்மாஸுக்குப் பணம் கட்ட வேண்டும். சோனிக் உங்கள் காதுக்கு ஒத்துவராவிட்டால் மட்டும் அட்மாஸின் இலவசச் சோதனைக் காலத்தில் கேட்டுப் பாருங்கள்.

படி 5: கண்ணை மூடிச் சோதியுங்கள்

ஹெட்போனை இடம் வலம் மாறாமல் மாட்டுங்கள். பயிற்சி மேப் ஒன்றில் நண்பரை உங்களைச் சுற்றி நடக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடி, சத்தம் வரும் பக்கத்தைச் சொல்லுங்கள். இடமும் வலமும் உடனே பிடிபடும். முன்னும் பின்னும் பிடிபட இரண்டு மூன்று நாள் ஆகலாம், மென்பொருள் கணக்கிட்ட புதிய மடலுக்கு மூளை பழக வேண்டும் அல்லவா? ஒரு வாரம் ஆகியும் குழம்பினால் ஹெட்போனை மாற்றாதீர்கள். படி 4-க்குத் திரும்பிப் போய் வேறு மென்பொருளைப் போட்டுப் பாருங்கள்.