கரையோரக் காணிக்குத் திரும்பி வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் திருகோணமலைக்கு வடக்கே கும்புறுப்பிட்டிப் பக்கம் போயிருந்தேன். கத்தாரிலிருந்து திரும்பிய ஒரு தம்பி, தகப்பன் விட்டுப்போன இரண்டு ஏக்கர் காணியைத் திருத்திக்கொண்டிருந்தான். பற்றை வெட்டி, வேலி அடைத்தாயிற்று. கிணற்றடியில் சீமெந்து வளையங்கள் இறக்கிக் கிடந்தன. "அண்ணா, எட்டடிக் கிணறு எதற்குக் காணும்? இருபது அடிக்கு இறக்கப்போகிறேன்" என்றான். எனக்கு நெஞ்சு பதறியது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் நிலாவெளியில் எங்கள் காணியில் நின்று நானும் இதையேதான் சொன்னேன்.

நல்ல விதை எடுங்கள், களையை நேரத்துக்குப் பிடுங்குங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அவற்றைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் என்னைவிட நன்றாகச் சொல்லுவார். நொடிந்துபோன குடும்பக் காணியை எப்படியாவது நிமிர்த்திவிட வேண்டும் என்று வருகிறவர்கள், அந்த அவசரத்தினாலேயே செய்யும் பிழைகள் சில இருக்கின்றன. அவற்றில் முதலாவதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

கிணற்றை ஆழமாக்குவது

தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ காணி வைத்திருப்பவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அங்கே மண் வேறு, தண்ணீர் வரும் வழியும் வேறு. நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி எனக் கடலோரமாகக் கிடக்கும் மணற்காணிக்காரருக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

நம் கிணற்றில் இருக்கும் நல்ல தண்ணீர் எங்கோ ஓர் ஊற்றிலிருந்து வருவதில்லை. போன மாரியில் நம் மணலில் விழுந்த மழைதான் அது. திருகோணமலைக்கு ஆண்டுக்கு 1,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். மணலுக்குள் இறங்கும் அந்த நீர், அடியில் இருக்கும் கடல் நீரின் மேல் மிதக்கிறது. கடல் நீர் கனமானது, மழை நீர் இலேசானது. இந்தக் கன வித்தியாசத்தை வைத்து கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவரின் பெயரில் ஒரு கணக்கு வழங்குகிறது: கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நல்ல நீர் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து மேலே ஓர் அடியைக் குறைத்தால், கீழேயிருந்து உவர்நீர் நாளடைவில் நாற்பது அடி ஏறி வரும். கிணற்றை ஆழமாக்குகிறவன் நல்ல தண்ணீரைத் தேடிப் போகவில்லை; உவரை நோக்கி இறங்குகிறான்.

இது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் குடும்பம் 1990இல் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபின் அப்பா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காணியைத் திருத்தினார். அவர் வெட்டிய கிணறு ஒன்பது அடி. காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை என்று அளவாக இறைப்பார். அதைப் பயந்த சுபாவம் என்று நான் நினைத்தேன். அவர் போன பிறகு பட்டியில் நின்ற மாடுகளை விற்று, மூன்று அங்குல நீர்ப்பம்பி ஒன்று வாங்கினேன். கிணற்றைப் பதினெட்டு அடிக்கு இறக்கினேன். வைகாசியில் முக்கால் ஏக்கருக்குச் சின்ன வெங்காயம் நட்டேன். விதை வெங்காயத்துக்காக அக்காவின் காப்புகள் ஈட்டுக்குப் போயின. கச்சான் காற்று நெருப்பாக வீசியது. நான் நாளுக்கு மூன்று மணித்தியாலம் விடாமல் இறைத்தேன். கிணறு வற்றவேயில்லை. எனக்கு அது பெருமையாக இருந்தது.

முதலில் கண்டுபிடித்தவர் அம்மா. "தம்பி, கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்கவில்லை" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வாரத்தில் வெங்காயத் தாளின் நுனி கருகத் தொடங்கியது. பூஞ்சை என்று மருந்தடித்தேன். தேறவில்லை. பசி என்று யூரியா போட்டேன். வெயில் என்று இன்னும் அதிகமாக இறைத்தேன். அந்தக் கடைசி வேலைதான் காணியைக் கொன்றது. ஆடியில் கிண்டியபோது எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை. வந்ததும் கோலிக்குண்டு அளவு. பிறகு கையடக்க மானி ஒன்றைக் கடன் வாங்கிக் கிணற்று நீரின் மின்கடத்துதிறனை அளந்தேன். நீரில் உப்புக் கூடக் கூட இந்த எண்ணும் கூடும். மீற்றருக்கு 3.1 டெசிசீமன் காட்டியது.

உலக உணவு விவசாய நிறுவனத்தின் வழிகாட்டி அட்டவணைப்படி, பாய்ச்சும் நீர் 0.8ஐத் தாண்டும்போதே வெங்காயத்தின் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. 1.8இல் கால்வாசி போகிறது. 2.9இல் பாதி போய்விடும். கடல் நீரோ ஐம்பதுக்கு மேல். நூறு வாளி நல்ல நீரில் இரண்டு வாளி கடல் நீர் சேர்ந்தாலே போதும், வெங்காயத்தின் விளைச்சல் குறைய. நாக்கு அதை அவ்வளவு விரைவில் பிடிக்காது. அதனால்தான் "குடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு இன்றும் கோபம் வருகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கரை முழுவதும் கிணறுகளைத் துப்புரவாக்குகிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்து, கீழிருந்த உவரை மேலே இழுத்ததை நாம் கண்ணால் கண்டவர்கள். கண்ட பிறகும் அதையே செய்கிறோம்.

என் கிணறு தேற மூன்று மாரி எடுத்தது. கீழ் ஒன்பது அடியை மணலால் நிரப்பினேன். ஒரே கிணற்றைக் கசக்காமல், காணியின் மூன்று மூலைகளில் பூவல் எனப்படும் ஆழமில்லாத மணற்கிணறுகள் தோண்டி, சின்னப் பம்பியால் மாறி மாறி அரை மணித்தியாலம் மட்டும் எடுக்கிறேன். கரை கட்டி, மாரி வெள்ளத்தைக் கடலுக்கு ஓடவிடாமல் காணிக்குள்ளேயே நிற்கவைக்கிறேன். நல்ல வெள்ளத்தைத் தேக்கி வைக்கிறானே என்று அயலில் விசித்திரமாகப் பார்த்தார்கள். வெங்காயத்தைக் கால் ஏக்கருக்குக் குறைத்துவிட்டேன். மீதியில் கச்சான் (நிலக்கடலை), கௌபி (தட்டைப்பயறு), வேலியோரம் முருங்கை. கச்சான் 2.1 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும், கௌபி 3.3 வரை. வாரம் ஒரு தடவை அளந்து கொப்பியில் எழுதுகிறேன். 0.8ஐ நெருங்கினால் அன்றே இறைப்பைப் பாதியாக்குவேன், வெங்காயம் வாடினாலும் சரி.

ஒரே போகத்தில் இயற்கைக்கு மாறுவது

நான் இன்று இரசாயன உரம் போடுவதில்லை. ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகள் எடுத்தேன். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் தடையைத் தளர்த்தியது. அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் நாடெங்கும் சரிந்தது. எரு பழகாத மண்ணிடம் திடீரென்று எருவை மட்டும் நம்பச் சொன்னால் வேறென்ன நடக்கும்? அந்த அனுபவத்தைக் காட்டி "இயற்கை விவசாயம் சரிவராது" என்று பேசுவது ஒரு பிழை. அதையே மறந்து, வந்த முதல் போகத்திலேயே முழுக் காணியையும் மாற்றுவது இன்னொரு பிழை. ஒரு மூலையில் தொடங்குங்கள். அங்கே கிளிசரியா இலையையும் மாட்டெருவையும் போட்டு இரண்டு ஆண்டு பாருங்கள்.

மாட்டை விற்பது

பம்பிக்காக நான் விற்ற மாடுகளைத் திரும்ப வாங்க ஏழு ஆண்டு பிடித்தது. மணலுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் சக்தி கிடையாது; அந்தச் சக்தியைக் கொடுப்பது எரு. மாடு போன பிறகு இறைத்த நீரெல்லாம் சல்லடையில் ஊற்றியதுபோல் இறங்கியது. ஆகவே இன்னும் இறைத்தேன். இப்போது பட்டியை ஒரே இடத்தில் வைப்பதில்லை. நடுகைக்கு முன் ஒவ்வொரு பாத்தியிலும் நாலைந்து இரவு அடைத்து, மாற்றிக்கொண்டே போகிறேன்.

அயல் காணியைப் பார்த்து நடுவது

எல்லோரும் ஒன்றாகக் கிண்டும் நாளில் வெங்காயத்துக்கு விலை இருக்காது.

சருகைக் கொளுத்துவது

வேண்டாம். வரிசைகளுக்கு இடையே பரப்புங்கள். இறைப்பு குறையும்.

கும்புறுப்பிட்டித் தம்பியின் கிணற்றை அன்றே அளந்தோம். 0.6. வளையங்களைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அவற்றை மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைக்கலாமா என்று கேட்டான். அடியைப் பூசி எடு என்று சொல்லிவிட்டு, மானியை அவனிடமே விட்டு வந்தேன்.