கால்சியம் மாத்திரை கேட்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி

எங்கள் கடைக்குப் பயிற்சிக்கு வரும் மருந்தியல் பட்டய மாணவர்கள், சத்து மாத்திரை என்றதும் அசட்டையாகிவிடுகிறார்கள். தூக்க மாத்திரை கேட்பவரிடம் மருந்துச்சீட்டு எங்கே என்று கறாராகக் கேட்கும் அதே மாணவர், கால்சியம் கேட்பவருக்கு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுகூடக் கேட்காமல் அட்டையை எடுத்துக் கொடுப்பதைச் சென்ற வாரமும் பார்த்தேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கொடுத்தேன் என்பதால் எரிச்சல் இரட்டிப்பாகிறது. காலாவதித் தேதியைப் பார்ப்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை; அவற்றை விட்டுவிடுகிறேன்.

தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்குவது

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தைராய்டு குறைபாட்டுக்கு 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் எடுத்துவந்த ஓர் ஆசிரியை, மூட்டு வலிக்கென்று தாமாகவே கால்சியம் கேட்டார். எப்போது சாப்பிட வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, "காலையிலேயே போட்டுவிடுங்கள் அம்மா, மறக்காது" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கால்சியமும் இரும்பும் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பற்றிக்கொள்வதால், அதில் ஒரு பகுதி இரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடுகிறது. தைராய்டு போதவில்லை என்றால் இரத்தத்தில் உயரும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவு அவருக்கு ஏறியது, மருந்து 75 ஆனது, பிறகு 100 ஆனது. கால்சியத்தை அவர் மருந்தாகவே கருதாததால் மருத்துவரிடம் சொல்லவில்லை. பின்னர் ஒருநாள் கால்சியத்தை அவராகவே நிறுத்தினார். 100 மைக்ரோகிராமும் முழுமையாக உடலில் சேரத் தொடங்கவே, படபடப்பும் கைநடுக்கமும் தூக்கமின்மையுமாக இதய மருத்துவரைத் தேடி ஓடினார். தைராய்டு மருந்து மிகுந்தால் எலும்பும் தேயும் என்பதை நினைத்தால், எலும்புக்கென வாங்கிய மாத்திரை அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் என்பது விளங்கும்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக எடுக்க வேண்டும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் அதன்பின் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியம் கார்பனேட் உணவோடு நன்றாகச் சேரும் என்பதால் மதிய உணவு வேளையே அதற்குப் பொருத்தம். பல சத்துகள் கலந்த மாத்திரைகளிலும் கால்சியமும் இரும்பும் இருக்கும். இதுவரை தைராய்டு மாத்திரையோடு இவற்றையும் ஒன்றாக விழுங்கிவந்தவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே நேரத்தை மாற்றிவிட வேண்டாம். ஆசிரியைக்கு நேர்ந்ததே நேரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். மாற்றிய 6 முதல் 8 வாரங்களில் டி.எஸ்.எச். பரிசோதனை தேவைப்படும்.

அட்டையில் அச்சிட்ட எண்ணை நம்புவது

1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் உண்மையான கால்சியம் 500 மில்லிகிராம்தான். ஒரே வேளையில் அதற்கு மேல் எடுத்தால் உறிஞ்சப்படும் விகிதம் குறைகிறது. இரண்டாகச் சேர்த்து விழுங்குவதில் பெரிய பயனில்லை.

சோர்வென்றால் இரும்பு

முதலில் இரத்தப் பரிசோதனை. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாற்றின் மரபுக்கூறு உள்ளவருக்கும் ஹீமோகுளோபின் குறைந்தே காணப்படலாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவைப் பாராமல் அவருக்கு மாதக்கணக்கில் இரும்பு தருவது வீண், சில வேளைகளில் தீங்கும்கூட. குறைபாடு உறுதியாகி மாத்திரை எடுப்பவர்கள், அதை விழுங்கிய கையோடு தேநீர் குடிக்கிறார்கள். தேநீர் இரும்பை உடலில் சரியாகச் சேரவிடாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

துத்தநாகம்

கொரோனா காலத்தில் தொடங்கிய 50 மில்லிகிராம் மாத்திரையை இன்றும் விடாதவர்கள் உண்டு. பெரியவர்களுக்கான நாள் உச்சவரம்பு 40. நெடுநாள் மிகுந்தால் உடலில் தாமிரம் குறையும்.

சிறுநீரகக் கோளாறும் பொட்டாசியமும்

மருத்துவர் எழுதித் தராமல் கூடவே கூடாது.

இரும்பு மாத்திரையும் குழந்தையும்

கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு உள்ளது. பெரியவருக்குச் சத்தாகும் அதுவே, பல மாத்திரைகளை மிட்டாயென்று தின்றுவிடும் குழந்தைக்கு நஞ்சாகும். வாந்தி எடுத்த பிறகு சில மணி நேரம் குழந்தை தெளிந்தாற்போலத் தோன்றும். ஈரல் பாதிப்பு அதற்குப் பிறகுதான் வெளிப்படும் என்பதால், தின்றது தெரிந்த உடனேயே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு.