டான்யூப் ஆற்றில் டிசம்பர் கப்பல் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிசம்பரில் ஐரோப்பிய ஆற்றுக் கப்பலில் போகலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் பார்ப்பது கப்பல் படங்களைத்தான். அம்மாவை அழைத்துப் போகத் திட்டமிட்டபோது நானும் அங்கேதான் தொடங்கினேன். இப்போது யாராவது கேட்டால், கப்பலைக் கடைசியில் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். தேதி, வழித்தடம், விசா, விமானம், அப்புறம் கப்பல். இந்த வரிசை மாறினால் பணம் கட்டிய பிறகு ஒவ்வொன்றாக இடிக்கும்.

முதலில் தேதி

குளிர்காலத்தில் இந்த ஆற்றுக்குப் போவதே கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காகத்தான். ஆனால் எல்லா ஊரிலும் சந்தை ஒரே நாளில் தொடங்குவதில்லை, ஒரே நாளில் முடிவதும் இல்லை. நியூரம்பர்க் சந்தை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிறு இருக்கிறதே, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தொடங்கும். 2026-இல் அது நவம்பர் 27. டிசம்பர் 24 அன்று முடிந்துவிடும். ஜெர்மனியின் மற்ற ஊர்களிலும் 23, 24 தேதிகளோடு பெரும்பாலும் சரி. வியன்னா நகர மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய சந்தை நவம்பர் நடுவிலேயே தொடங்கி டிசம்பர் 26 வரை இருக்கும். புடாபெஸ்டில் புத்தாண்டை ஒட்டியும் கடைகள் இருக்கும்.

ஆக, டிசம்பர் 26-க்குப் பிறகு கிளம்பும் பயணம் மலிவாகக் கிடைத்தால் அது புத்தாண்டுப் பயணம், சந்தைப் பயணம் அல்ல. 24 மாலை முதல் பெரும்பாலான கடைகள் மூடிக் கிடக்கும் என்பதால் அந்த வாரமும் வேண்டாம். முதல்முறை போகிறவர்களுக்கு டிசம்பரின் முதல் இரண்டு வாரங்கள்தான் சரி. அதிலும் பெரிய ஊர்களில் கப்பல் நிற்பது திங்கள் முதல் வியாழனுக்குள் வருகிறதா என்று பாருங்கள். சனிக்கிழமை மாலை வியன்னா சந்தையில் நம் கோயில் திருவிழாக் கூட்டம் இருக்கும்.

வழித்தடம்: ஏன் பாஸாவிலிருந்து?

சந்தைப் பயணங்களில் இரண்டு தடங்கள் அதிகம் விற்பவை. ஒன்று நியூரம்பர்க்கிலிருந்து புடாபெஸ்ட் வரை. மற்றது, ஆஸ்திரிய எல்லையருகே உள்ள ஜெர்மன் ஊரான பாஸாவிலிருந்து புடாபெஸ்ட் வரை. முதல்முறை என்றால் இரண்டாவதை எடுங்கள்.

காரணம் தண்ணீர். ஜெர்மனியில் ஸ்ட்ராபிங் ஊருக்கும் ஃபில்ஸ்ஹோஃபன் ஊருக்கும் இடையில் சுமார் 70 கிலோமீட்டருக்கு டான்யூபில் அணையே இல்லை. மழை குறைந்தால் அங்கே கப்பல் தரை தட்டும் அளவுக்கு ஆழம் குறையும். வெள்ளம் வந்தால் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. இரண்டில் எது நடந்தாலும் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, அந்தப் பக்கம் நிற்கும் வேறு கப்பலுக்கு மாற்றுவார்கள். பெட்டி கட்டுவதிலும் பேருந்திலும் ஒரு நாள் போய்விடும். பாஸாவ் இந்தப் பகுதியைத் தாண்டி இருக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் கீழேயும் அணை இல்லாத இடங்கள் உண்டு. ஆனாலும் மிகவும் குறைவு.

நியூரம்பர்க்கை விட மனமில்லையா? முன்னதாகவே விமானத்தில் போய் அங்கே ஒரு இரவு தங்குங்கள். அங்கிருந்து பாஸாவுக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நாங்கள் செய்தது இதுதான்.

பதிவு செய்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாஹாவ் பள்ளத்தாக்கைக் கப்பல் பகலில் கடக்கிறதா? ஆஸ்திரியாவில் மெல்க் மடாலயத்திலிருந்து கிரெம்ஸ் வரை உள்ள இந்தப் பகுதி 2000-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆற்றுக் கப்பல்கள் பெரும்பாலும் இரவில் ஓடிப் பகலில் கரையில் நிற்பவை. அந்தப் பருவத்தில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மொத்தப் பகலே சுமார் எட்டரை மணி நேரம்தான். நடுராத்திரியில் கடந்தால், டூர்ன்ஸ்டைன் தேவாலயத்தின் நீலக் கோபுரத்தையும், 1192-இல் இங்கிலாந்து அரசர் ரிச்சர்டைச் சிறை வைத்த பாழடைந்த கோட்டையையும் பார்க்காமலே தூங்கிக்கொண்டு போவீர்கள்.

விசா

ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி நான்குக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டிடம் கேட்பது என்பதில்தான் குழப்பம் வரும். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம். நாட்கள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பாஸாவ் பயணத்தில் பெரும்பாலும் ஆஸ்திரியாதான் முந்தும், ஆனால் ஊகிக்க வேண்டாம். எந்த இரவு எந்தத் துறைமுகம் என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி, முன்னும் பின்னும் தங்கும் ஹோட்டல் நாட்களையும் சேர்த்து எண்ணுங்கள். அந்தத் தாளையே விண்ணப்பத்தோடு இணைத்துவிடலாம்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். காப்பீடு வாங்கும்போது பயண ரத்து, விமானத் தாமதம் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் டிசம்பர் கேட்கும்.

விமானம்

கப்பல் கிளம்பும் நாளன்றே போய் இறங்காதீர்கள். 2023 டிசம்பர் 2 அன்று கடும் பனிப்பொழிவால் மியூனிக் விமான நிலையத்தில் விமானங்களே ஓடவில்லை. கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது, அடுத்த ஊருக்கு நீங்கள்தான் துரத்திப் போய்ப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் முன்னதாக, முடிந்தால் இரண்டு நாள் முன்னதாக இறங்குங்கள். பிராங்க்பர்ட்டிலோ மியூனிக்கிலோ இறங்கி, திரும்பும்போது புடாபெஸ்டில் விமானம் ஏறும்படி டிக்கெட் எடுத்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

இப்போது கப்பல், அறை

இந்த ஆற்றின் கப்பல்கள் பெரும்பாலும் ஒரே அளவுதான். நியூரம்பர்க் பக்கத்துக் கால்வாயின் லாக்குகள் 12 மீட்டர் அகலம் என்பதால் அதன் வழியே போகும் கப்பல் சுமார் 11.4 மீட்டருக்கு மேல் அகலமாக இருக்க முடியாது. நீளம் 110 அல்லது 135 மீட்டர். லாக் என்பது, அணையைத் தாண்டுவதற்காகக் கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மறுபக்க மட்டத்துக்குக் கொண்டுவரும் தொட்டி.

கீழ்த்தள அறையில் திறக்க முடியாத சிறிய ஜன்னல்தான் இருக்கும். மேலே போகப்போக தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிக் கதவு. கோடையில் அதற்குக் காசு கொடுப்பது நியாயம். டிசம்பரில் அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கப் போவதில்லை, வெளியே பாதி நேரம் இருட்டு. போதாக்குறைக்குத் துறைமுகங்களில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவார்கள், கண்ணாடியைத் திறந்தால் பக்கத்துக் கப்பலின் திரைச்சீலைதான் தெரியும். அதனால் கீழ்த்தளமே போதும் என்பேன், முழங்கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு.

எங்கள் விஷயத்தில் லிஃப்ட் உண்டு என்று சொல்லித்தான் அறையை விற்றார்கள். போய்ப் பார்த்தால் அது நடுத்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் மட்டும். அம்மா ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை படி ஏறி இறங்கினார், நான்காம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது. அதனால் லிஃப்ட் உண்டா என்று கேட்டு நிறுத்தாமல், எந்தத் தளத்திலிருந்து எந்தத் தளம் வரை என்று கேளுங்கள். பெரியவர்களோடு போனால் நடுத்தளம்.

அந்தக் கீழ்த்தள ஜன்னல் ஒன்றை மட்டும் கொடுத்தது. இரண்டாம் இரவு சுவரில் ஏதோ உரசும் சத்தம் கேட்டு அம்மா என்னை எழுப்பினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கையகல தூரத்தில் ஈரமான கான்கிரீட் சுவர், அதில் பாசி. "சுவர் மேலே போகுது பாரேன்" என்றார். சுவர் அப்படியேதான் இருந்தது, லாக்குக்குள் நாங்கள்தான் இறங்கிக்கொண்டிருந்தோம். கண்ணாடியில் கை வைத்தபடி கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

உடை

பகலில் 2, 3 டிகிரி, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டர் உதவாது. உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றும் மழையும் புகாத கோட். கப்பலுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் நன்றாகச் சூடேற்றியிருப்பார்கள், கழற்றி மாட்டத் தோதாக இருக்க வேண்டும். காலணிதான் முக்கியம். பழைய நகரங்கள் முழுக்கக் கல் பாவிய தெருக்கள், ஈரத்தில் வழுக்கும். பிடிப்புள்ள ரப்பர் அடி, கம்பளிச் சாக்ஸுக்காக ஒரு அளவு பெரியது, இரண்டு வாரம் முன்பே போட்டுப் பழகியது. குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கோட்டின் உள்பையில் வையுங்கள்.

சாப்பாடும் சில்லறையும்

சைவம் என்றால் ஒரு மாதம் முன்பே கப்பலுக்கு எழுதுங்கள். வெறுமனே சைவம் என்று எழுதினால் முட்டை வரும், வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். சந்தையில் சுட்ட கஷ்கொட்டையும் சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாமும் கவலையில்லாமல் வாங்கலாம். உருளைக்கிழங்கு அடையில் பெரும்பாலும் முட்டை இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். மசாலா போட்டுக் காய்ச்சிய ஒயின்தான் க்ளூவைன். மது வேண்டாதவர்கள் கிண்டர்புன்ஷ் என்று கேட்டால் சூடான பழரசம் கிடைக்கும். கோப்பைக்குச் சில யூரோ முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். அம்மா நியூரம்பர்க் கோப்பையைத் திருப்பித் தரவே இல்லை, இப்போது அதில்தான் காபி.

ஹங்கேரியில் மட்டும் யூரோ இல்லை, ஃபோரின்ட். கார்டு இயந்திரம் எந்த நாணயத்தில் எடுக்கட்டும் என்று கேட்டால் ஃபோரின்டையே தேர்ந்தெடுங்கள். மற்ற நாடுகளில் பொதுக் கழிப்பறைகளுக்கு யூரோ நாணயங்கள் கையில் இருக்கட்டும்.

கரையில் ஒரு நாள்

சுற்றுலாக்கள் எல்லாவற்றிலும் சேர வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போது மடாலயம், தெரு, நடை. மூன்று மணிக்குக் கப்பலில் ஒரு மணி நேரம் ஓய்வு, விளக்கு ஏற்றிய பிறகு சந்தை. வியன்னாவில் கப்பல் ரைஷ்ஸ்ப்ரூக்கே பாலத்தருகே நின்றால் ஃபோர்கார்ட்டன்ஸ்ட்ராஸே நிலையத்துக்கு நடந்துவிடலாம். அங்கிருந்து யு1 மெட்ரோவில் நான்காவது நிறுத்தமே நகரின் நடுவில் உள்ள ஸ்டெஃபன்ஸ்பிளாட்ஸ். புடாபெஸ்டில் ஆற்றை ஒட்டியே 2-ஆம் எண் டிராம் ஓடுகிறது.

புடாபெஸ்டுக்குள் எத்தனை மணிக்கு நுழைகிறோம் என்று முந்தைய நாளே வரவேற்பில் கேட்டு வையுங்கள். இருட்டிய பிறகு என்றால் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு, கையுறை, குல்லாய், சால்வை எல்லாம் போட்டுக்கொண்டு மேல்தளத்துக்குப் போங்கள். நாடாளுமன்றக் கட்டடம் முழுக்க மஞ்சள் விளக்கில் தண்ணீருக்கு மேல் நிற்கும். காற்று வெட்டும், கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. அந்தக் கால் மணி நேரத்தில் அம்மா ஒரு முறைகூட உள்ளே போகலாம் என்று சொல்லவில்லை.