நெட் தமிழ்த் தாள்: செவ்விலக்கியப் பகுதியில் மதிப்பெண் எங்கே நழுவுகிறது?

எம்.ஏ. தமிழ் முடித்தவர்கள் கல்லூரி வேலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் எழுதுகிற தேர்வு யுஜிசி நெட். தமிழின் பாட எண் 26. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50. இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். ஓ.பி.சி. இடத்துக்கு நம்மூர் பி.சி. சான்றிதழ் செல்லாது. கிரீமி லேயரில் (ஓ.பி.சி.யிலேயே வசதியான பிரிவில்) வராதவர் என்று மத்திய அரசுப் படிவத்தில் தாசில்தார் தரும் சான்று தனி. அதற்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வையுங்கள். கடைசி வாரத்தில் அலைந்தால் கிடைக்காது.

மொத்தம் இரண்டு தாள், இடைவேளை இல்லாமல் 3 மணி நேரம், கணினி முன்னால். முதல் தாள் எல்லாருக்கும் பொதுவான கற்பித்தல், ஆய்வுத் திறன் தாள்: 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாவது தமிழ்ப் பாடம்: 100 கேள்வி, 200 மதிப்பெண். முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான், சங்க இலக்கியத்தில் அல்ல. தினம் ஒரு மணி நேரமாவது அதற்கு ஒதுக்கிவிட்டுத் தமிழுக்கு வாருங்கள்.

எட்டுத்தொகையை முதலில் அமைப்பாகப் படியுங்கள், பொருளுரை பிறகு. அகநானூற்றில் பாடல் எண்ணே திணையைச் சொல்லிவிடும். ஒற்றைப்படை எல்லாம் பாலை, 2, 8இல் முடிந்தால் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20 என்று போனால் நெய்தல். 86, 136 இரண்டும் கல்யாணத்தை விவரிக்கிற பாட்டு. உள்ளடக்கத்தை வைத்து ஊகித்தால் தடுமாறுவீர்கள். எண் 6இல் முடிகிறது, ஆக மருதம். அடி எல்லையும் இப்படித்தான்: குறுந்தொகை 4–8, நற்றிணை 9–12, அகநானூறு 13–31. குறுந்தொகையில் 307, 391 மட்டும் 9 அடி. விதியை மட்டும் படித்துவிட்டு விதிவிலக்கை விட்டவரைப் பிடிக்கவே இந்த மாதிரிக் கேள்வி.

தொல்காப்பியத்தில் 27 இயல்களையும் வரிசையாகச் சொல்லத் தெரிய வேண்டும். உரையாசிரியர்களில்தான் குழப்பம். இளம்பூரணர் மூன்று அதிகாரத்துக்கும் உரை எழுதினார். சேனாவரையர் சொல்லதிகாரத்துக்கு மட்டும். பேராசிரியர் உரையாகக் கிடைப்பவை பொருளதிகாரத்தின் கடைசி நான்கு இயல்கள். நச்சினார்க்கினியருக்குப் பொருளதிகாரத்தில் முதல் ஐந்தும் செய்யுளியலும். ஆக, செய்யுளியலுக்கு இளம்பூரணர், பேராசிரியர், நச்சினார்க்கினியர் மூன்று பேர் உரையும் உண்டு. இதை ஒரு கட்டமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். குறிப்பேட்டில் எழுதினால் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

புறத்திணையில் தொல்காப்பியர் சொன்னது 7, புறப்பொருள் வெண்பாமாலை சொல்வது 12. காஞ்சி என்ற பெயர் இரண்டிலும் இருக்கிறது, பொருள் வேறு: அங்கே நிலையாமை, இங்கே வஞ்சி சூடிப் படையெடுத்து வரும் அரசனை எதிர்த்து நிற்பது. 'யாதும் ஊரே' (புறம் 192) பாட்டின் திணை பொதுவியல், துறை (திணையின் உட்பிரிவு) பொருண்மொழிக்காஞ்சி. துறையைப் பார்த்த வேகத்தில் திணையைக் காஞ்சி என்று குறிப்பவர்கள் உண்டு. தொல்காப்பியரின் ஏழில் பொதுவியலே கிடையாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்து நம் கொங்குப் பக்கத்துச் சமாச்சாரம், விடவே கூடாது. முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. 7, 8, 9ஆம் பத்துகள் சேரரில் இரும்பொறை மரபினரைப் பாடுபவை. பாடியவர்கள் முறையே கபிலர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார். 67, 74ஆம் பாடல்களில் வரும் கொடுமணம்தான் நொய்யல் கரையில் அகழாய்வு நடந்த கொடுமணல். கரூர் வேலாயுதம்பாளையத்துக்கு ஒரு நாள் போய் ஆறுநாட்டார் மலை ஏறி, கோ ஆதன் சேரலிரும்பொறை, மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை வரும் புகளூர்த் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வந்தால் இந்த மூன்று பத்தும் பிறகு மறக்காது.

'பொருத்துக' வகையில் நான்கு இணையும் தெரிய வேண்டியதில்லை. உறுதியாகத் தெரிந்த இரண்டை வைத்தே பெரும்பாலும் மற்ற விடைகளைக் கழித்துவிடலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே 150இல் ஒன்றைக்கூடக் காலியாக விடாதீர்கள்; கடைசி ஐந்து நிமிடத்தை விடுபட்டவற்றைக் குறிக்கவே வைத்துக்கொள்ளுங்கள்.