தேநீர் அறையில் தொங்கும் எழுத்தைக் காணும் முறை

ஜப்பானியத் தேநீர் விருந்துக்கு அழைக்கப்பட்டவர், முழந்தாளிட்டு நுழையும் சிறு வாயிலைக் கடந்ததும் முதலில் 'தொக்கோனோமா' என்னும் சுவர்மாடத்தின் முன் சென்று அமர வேண்டும். விருந்தளிப்பவர் அப்போது அறைக்குள் வந்திருக்க மாட்டார். மடித்த விசிறியை முழங்காலுக்கு முன்னால் வைத்து, இரு கைகளையும் தரையில் ஊன்றி, அங்கே தொங்கும் எழுத்துச்சுருளை வணங்க வேண்டும். அந்த வணக்கம் எழுதியவரைச் சேரும்.

சீனாவின் சான் (ஜப்பானில் ஜென் எனப்படும்) பௌத்த மரபுத் துறவி யுவான்வு கெச்சினின் (1063–1135) கையெழுத்தை ஜென் துறவி இக்கியுவிடமிருந்து பெற்ற தேநீர் ஆசான் முராத்தா ஜுகோ, அதைத் தம் தேநீர் அறையில் தொங்கவிட்டார் என்று மரபு கூறுகிறது. துறவியரின் இத்தகைய எழுத்துகளுக்கு 'போகுசெகி', அதாவது மைத்தடம், என்று பெயர்.

வணங்கிய பின், பொருளைத் தேடாமல் தூரிகை சென்ற வழியைக் கண்ணால் பின்தொடருங்கள். எழுத்து மேலிருந்து கீழாகவும், வரிகள் வலமிருந்து இடமாகவும் செல்லும். கறுத்துத் தடித்த இடத்தில் தூரிகை அப்போதுதான் மையில் தோய்ந்திருக்கிறது. கோட்டினூடே தாளின் வெண்மை கீற்றுக்கீற்றாகத் தெரியும் இடத்தில் மை வற்றியிருக்கிறது அல்லது கை விரைந்திருக்கிறது. அதைச் சீனர் 'பறக்கும் வெண்மை' என்பர். மையை உடனே உறிஞ்சும் தாளில் திருத்தத்துக்கு இடமில்லையாதலால், எழுதியவரின் தயக்கமும் துணிவும் அப்படியே பதிந்துவிடுகின்றன. கோடுகளை விரலால் மடியில் வரைந்து பார்ப்பது நல்ல பயிற்சி. ஆனால் அதை வீட்டில் படத்தை வைத்துக்கொண்டு செய்வதே மரியாதை.

பொருள் அதற்கு அடுத்தபடிதான். அடிக்கடி காணக்கூடிய 'கிஸ்ஸாகோ' என்பது பருகு, தேநீர், போ என்னும் மூன்றே எழுத்துகள். இந்த மடத்துக்கு முன்பு வந்திருக்கிறேன் என்ற துறவியிடமும், வந்ததில்லை என்றவரிடமும், இருவருக்கும் ஏன் ஒரே விடை என்று கேட்ட மடத்து அதிகாரியிடமும் சான் ஆசான் ஜாவ்ஜோ, "போய்த் தேநீர் குடி" என்றே சொன்னார். அந்த அதட்டல் தேநீர் அறையில் அன்பான அழைப்பாகவும் ஒலிப்பதை நான் மிகவும் ரசிக்கிறேன்.

மீண்டும் ஒருமுறை வணங்கிவிட்டு எழுந்திருங்கள். எழுதியவர் யார், என்ன வாசகம் என்பவற்றை எல்லார் சார்பிலும் முதல் விருந்தினரே விருந்தளிப்பவரிடம் கேட்பார். முழுமையான விருந்தில், உணவுக்குப் பின் விருந்தினர் வெளியே சென்று காத்திருக்கும் இடைவேளையில் சுருளைக் கழற்றிவிட்டு அங்கே பூ வைத்துவிடுவார்கள். ஆகவே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாதீர்கள்.