படத்துக்கும் டாட்டூவுக்கும் ஒரே ஃபைல் போதும்

இலஸ்ட்ரேஷன், டாட்டூ இரண்டையும் தொழிலாகச் செய்கிறீர்களா? எந்தப் படத்தை ஆரம்பித்தாலும் கோடுகளை மட்டும் தனி லேயரில், தோலில் வரப்போகும் அதே அளவில், 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வரையுங்கள். நிறம், நிழல், பின்னணி எல்லாம் வேறு லேயர்களில் இருக்கட்டும்.

ஸ்டென்சில் (டாட்டூ போடுமுன் தோலில் ஒற்றும் கோட்டு அச்சு) எடுக்கும் தெர்மல் பிரிண்டருக்குக் கறுப்பு ஒன்றுதான் தெரியும், சாம்பல் நிழலைக் கொடுத்தால் புள்ளி புள்ளியாகச் சிதைத்துவிடும். கோட்டு லேயர் தனியாக இருந்தால் மற்றதை மறைத்துவிட்டு நேராக அனுப்பிவிடலாம், மறுபடி உட்கார்ந்து டிரேஸ் எடுக்கிற வேலை மிச்சம். 15 செ.மீ. உயரத்தில் 600 டிபிஐ என்றால் அதுவே 300 டிபிஐ-யில் ஏ4 அச்சுக்கும் சரியாக வரும், எனவே பிரிண்ட் விற்கவும் அதே ஃபைல்தான். அப்புறம், நிஜ அளவில் பார்க்கும்போதுதான் எந்த இடைவெளி மிகக் குறுகியது என்று கண்ணில் படும். வருடங்கள் போகப்போக மை தோலுக்குள் கொஞ்சம் பரவும், நெருக்கமான கோடுகள் ஒட்டிக்கொள்ளும் (ஸ்கிரீனில் ஜூம் பண்ணி வரைகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்).

கோடே இல்லாத வாட்டர்கலர் பாணிக்கும், தோள், விலா மாதிரி வளைவில் நேரடியாகப் பேனாவால் வரைந்து போடும் பெரிய வேலைக்கும் இது உதவாது. பதிப்பகத்துக்குக் காப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட படத்தையும் கேட்காமல் ஸ்டென்சிலாக்காதீர்கள். வாடிக்கையாளர் தனக்கென்று வரையச் சொன்ன டாட்டூவைப் பிரிண்டாக விற்பதென்றால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.